ஆடி மாதமும் பள்ளி நாட்காட்டியும்: சேலம், நாமக்கல் சமவெளியில் கல்வியாண்டின் கணக்கு

தமிழ்நாட்டின் பள்ளிக் கல்வித் துறை ஆண்டுதோறும் வெளியிடும் கல்வியாண்டு நாட்காட்டி, பள்ளி திறக்கும் நாள் தொடங்கிக் கடைசி வேலை நாள் வரையிலான கணக்கை ஒரே அட்டவணையில் அடக்கிய நிர்வாக ஆவணம். காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வுகளும் அவற்றை ஒட்டிய விடுமுறைகளும், வேலை நாளாக அமையும் சனிக்கிழமைகளும், ஆசிரியர்களுக்கான குறுவள மையப் பயிற்சி நாள்களும் (அருகருகே உள்ள சில பள்ளிகளுக்குப் பொதுவான பயிற்சி இடமே குறுவள மையம்) அதில் இடம்பெறுகின்றன. தலைமையாசிரியர் அறையில் ஒட்டப்படும் அந்தத் தாளை வைத்துத்தான் பெற்றோர் ஊர்ப் பயணத்தையும் காதுகுத்தையும் திட்டமிடுகிறார்கள்; ஆசிரியர்கள் பாடப் பகுதிகளைப் பிரித்துக்கொள்கிறார்கள்; சத்துணவு மையம் அரிசியும் முட்டையும் கேட்டு எழுதுகிறது; சிற்றூர்ப் பேருந்தின் கால அட்டவணைகூட ஓரளவு அதைச் சார்ந்தே நிற்கிறது. அதில் எத்தனை நாள்கள் எழுதப்பட்டுள்ளன என்பதைவிட, அது எவ்வளவு முன்கூட்டி வருகிறது, வந்தபின் எவ்வளவு மாறாமல் நிற்கிறது, உள்ளூரின் நாள்களை எவ்வளவு தூரம் தன்னுள் ஏற்றுக்கொள்கிறது என்பவற்றை வைத்தே அதன் பயனை அளக்க வேண்டும். சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளிப் பகுதி இந்த மூன்று கேள்விகளையும் கூர்மையாக எழுப்பும் இடம்.

சட்டத்தின் நிலை முதலில் தெளிவாக வேண்டும். 2009-ஆம் ஆண்டின் குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தன் இணைப்புப் பட்டியலில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள்களும் 800 கற்பித்தல் மணி நேரமும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 220 வேலை நாள்களும் 1,000 மணி நேரமும் குறைந்தபட்சமாக இருக்க வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 9-ஆம் பிரிவு, கல்வியாண்டு நாட்காட்டியைத் தீர்மானிக்கும் கடமையை உள்ளாட்சி அமைப்பின் கடமைகளுள் ஒன்றாக வைக்கிறது என்பதும், புலம்பெயர்ந்து வரும் குடும்பங்களின் குழந்தைகளைச் சேர்க்க வேண்டிய கடமை அதற்குச் சற்று முன்னதாகவே சொல்லப்படுகிறது என்பதும் பரவலாக அறியப்படாதவை. பள்ளி நேரம் அந்தந்த ஊரின் வாழ்வோடு பொருந்த வேண்டும் என்ற எண்ணம் சட்டத்தின் வாசகத்திலேயே இருக்கிறது. நடைமுறையிலோ, பெயர்ப்பலகையில் ஊராட்சி ஒன்றியம் என்று எழுதியிருக்கும் தொடக்கப் பள்ளிக்கும் சேலம் மாநகராட்சியின் மேல்நிலைப் பள்ளிக்கும் நாட்காட்டி சென்னையிலுள்ள இயக்குநரகத்திலிருந்தே வருகிறது. 2024-25 கல்வியாண்டுக்கு வேலை நாள்கள் 220 என்று அறிவிக்கப்பட்டு, சனிக்கிழமைகள் மிகுந்துவிட்டன என்று ஆசிரியர் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்ததும், ஆண்டு தொடங்கிய பிறகு அந்த எண்ணிக்கை 210 ஆகக் குறைக்கப்பட்டது. குறைத்தது சரியா தவறா என்பது வேறு விவாதம். ஜூன் மாதத்திலேயே தீர்ந்திருக்க வேண்டிய ஒரு கணக்கு, பாதிக் காலாண்டு கடந்த பிறகு தீர்ந்தது என்பதே இங்கு கவனிக்கத் தக்கது.

மாநில நாட்காட்டியின் முதுகெலும்பு பொதுத்தேர்வு. கொரோனாவால் இரண்டு ஆண்டுகள் குலைந்த அட்டவணையைச் சீர்செய்யும்போது, 2022 மே மாதத்திலேயே அந்தக் கல்வியாண்டின் பொதுத்தேர்வுத் தேதிகளும் வெளியிடப்பட்டன. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு 2023 மார்ச் 13-இல் தொடங்கும் என்பதைப் பத்து மாதங்களுக்கு முன்பே பெற்றோர் தெரிந்துகொண்டார்கள், தேர்வும் அதே நாளில் தொடங்கியது. மாணவருக்கும் ஆசிரியருக்கும் அது பெரிய உதவி. ஆனால் ஆண்டின் மறுமுனையான பள்ளி திறப்பு அந்த உறுதியைப் பெறவில்லை. 2023-இல் ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளுக்கு ஜூன் 1, ஒன்று முதல் ஐந்து வரை ஜூன் 5 என்று முதலில் அறிவிக்கப்பட்டது. வெயில் தணியாததால் எல்லோருக்கும் ஜூன் 7 என்று மாறி, மீண்டும் மாறி, முறையே ஜூன் 12, ஜூன் 14 என்று முடிந்தது. 2024-இல் ஜூன் 6 என்றிருந்தது ஜூன் 10 ஆயிற்று. குழந்தைகளை வெயிலில் வாட்டக் கூடாது என்ற காரணத்தைக் குறை சொல்ல இடமில்லை. கத்திரி முடிந்த பிறகும் சேலத்து வெயில் இரக்கம் காட்டாத ஆண்டுகள் உண்டு. எனினும் ஒத்திவைப்பு ஒவ்வொரு முறையும் சில நாள்களுக்கு முன்புதான் அறிவிக்கப்படுவதால், அதன் சுமை நாள்கூலிக் குடும்பங்களின் மேல் விழுகிறது.

அந்தச் சுமை எத்தகையது என்பதற்கு இப்பகுதியின் தொழில்களே விளக்கம். திருச்செங்கோடு ரிக் வண்டிகளின் ஊர்; ஆழ்துளைக் கிணறு தோண்டும் அந்த லாரிகள் இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் போய் மாதக்கணக்கில் தங்கி வேலை செய்கின்றன. நீர் வற்றும் கோடைதான் அவற்றுக்கு உழைப்புக் காலம் என்பதால், பிள்ளைகள் முழு ஆண்டு லீவில் வீட்டில் இருக்கும் மே மாதத்தில் தந்தை வெளி மாநிலத்தில் இருப்பார். மழை தொடங்கி அவர் திரும்பும்போது பள்ளி தொடங்கியிருக்கும். நாமக்கல், சங்ககிரி லாரித் தொழிலாளர் குடும்பங்களிலும் தந்தையின் வருகை தீபாவளி, பொங்கல், குலதெய்வக் கும்பிடு ஆகிய சில நாள்களைச் சுற்றியே அமைகிறது. குமாரபாளையம், பள்ளிபாளையம், இளம்பிள்ளைப் பகுதிகளின் தறிப்பட்டறைகளில் கணவனும் மனைவியும் ஷிப்டு மாற்றி வேலை செய்யும் வீடுகளில், பள்ளி ஒரு வாரம் தள்ளித் திறந்தால் சிறு குழந்தையைப் பார்த்துக்கொள்ள யாரேனும் ஒருவர் ஒரு வாரக் கூலியை இழக்க வேண்டும், அல்லது குழந்தை தறிச் சத்தத்துக்கு நடுவே உட்கார வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு நான்கு நாள் ஒத்திவைப்பு மகிழ்ச்சி தரலாம். தறிக்காரருக்கு அது பணக் கணக்கு.

மாறாத ஒரு தேதி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதே சேலம் மாவட்டத்தில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1934-இல் முடிக்கப்பட்ட மேட்டூர் அணையிலிருந்து டெல்டா பாசனத்துக்கு நீர் திறக்க ஜூன் 12 என்ற நாள் வழக்கில் நிலைத்துள்ளது. நீரில்லாத ஆண்டுகளில் அது தவறுகிறது. 2024-இல் ஜூலை இறுதியில்தான் திறக்கப்பட்டது. இருந்தும் அந்த நாள் எல்லோர் மனத்திலும் நிற்பதால்தான் நாற்றங்காலுக்கு எப்போது தயாராவது என்றும், எத்தனை நாள் தாமதம் என்றும் கணக்கிட முடிகிறது. பள்ளி திறப்புக்கும் வழக்கமான ஒரு நாளும், வெப்பம் மிகுந்தால் பொருந்தும் மாற்று நாளும் ஏப்ரலிலேயே சேர்த்து அறிவிக்கப்படுமானால், ஒத்திவைப்பும் திட்டத்துக்கு உட்பட்டதாகிவிடும்.

உள்ளூர் நாள்களின் சிக்கல் ஆடி மாதத்தில் மிகத் தெளிவாகத் தெரிகிறது. பள்ளி திறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகி, வகுப்புகள் ஒரு சீருக்கு வந்திருக்கும் ஜூலை நடுவில் ஆடி பிறக்கிறது. சேலம் கோட்டை மாரியம்மன் கோயிலும், நகரின் பேட்டைகள்தோறும் உள்ள மற்ற மாரியம்மன் கோயில்களும் ஒரே காலத்தில் விழாக் கொள்கின்றன. பூச்சாட்டுதல், கம்பம் நடுதல், சக்தி அழைத்தல், பொங்கல் என்று நாள்கள் நகர, குகையில் நடக்கும் வண்டி வேடிக்கைக்கு (புராணக் காட்சிகளாக அலங்கரித்த வண்டிகளின் ஊர்வலம்) சுற்று வட்டாரமே திரள்கிறது. பூசாரி வீடு முதல் பூ வியாபாரி வீடு வரை, மாவிளக்கு எடுக்கும் பெண்கள் முதல் வண்டியில் வேடம் போட்டு நிற்கும் சிறுவர் வரை, சேலம் நகரத்துப் பள்ளிகளின் வருகைப் பதிவேடு அந்த வாரத்தில் மெலிவது இயல்பு. அதே மாதத்தின் பதினெட்டாம் நாள், பெரும்பாலும் ஆகஸ்ட் 3-இல், ஆடிப்பெருக்கு. காவிரிக் கரையில் மேட்டூரிலும் பரமத்தி வேலூர், மோகனூர்ப் பகுதிகளிலும் குடும்பம் குடும்பமாக நீராடும் நாள் அது. நாமக்கல் மாவட்டத்துக்கு அதே ஆடிப் பதினெட்டை ஒட்டிக் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழாவும் சேர்ந்துகொள்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஓரியின் பெயரில் அரசே நடத்தும் விழா அது.

இந்த நாள்களுக்கு மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிக்கிறார். அந்த அறிவிப்பின் அமைப்பைச் சற்று உற்று நோக்கினால் நிர்வாகத்தின் முன்னுரிமை எங்கே இருக்கிறது என்பது விளங்கும். இந்த விடுமுறை செலாவணி முறிச் சட்டம் 1881-இன் கீழ் வராது என்று ஒரு வரி இருக்கும். வங்கிகளையும் காசோலைப் பரிமாற்றங்களையும் இவ்விடுமுறை கட்டுப்படுத்தாது என்பது அதன் பொருள். மாவட்டக் கருவூலமும் சார்நிலைக் கருவூலங்களும் குறிப்பிட்ட பணியாளர்களைக் கொண்டு இயங்கும் என்று இன்னொரு வரி. இறுதியாக, இதை ஈடுசெய்யும் வகையில் இன்ன சனிக்கிழமை வேலை நாள் என்று ஒரு வரி. பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உண்மையில் தேவைப்படுவது இந்தக் கடைசி வரிதான். ஆனால் அறிவிப்பு விழாவுக்குச் சில நாள்களுக்கு முன்புதான் வெளியாவது வழக்கமாகிவிட்டதால், அந்தச் சனிக்கிழமை விடுமுறை என்று நம்பி வேறு வேலை வைத்திருந்தவர்கள் கடைசி நேரத்தில் மாற்றிக்கொள்ள நேர்கிறது. சத்துணவு மையத்துக்கும் இதே நெருக்கடி, ஏனெனில் பள்ளி நடக்கும் சனிக்கிழமையன்று சமையலும் நடந்தாக வேண்டும்.

ஆடிப்பெருக்கு எந்த நாளில் வரும் என்பதைப் பஞ்சாங்கம் ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிடுகிறது. 2023-இல் அது வியாழக்கிழமை, 2024-இல் சனிக்கிழமை, 2025-இல் ஞாயிற்றுக்கிழமை; ஆக எந்த ஆண்டில் ஈடுகட்டும் நாள் தேவைப்படும், எந்த ஆண்டில் அந்தக் கேள்வியே எழாது என்பதை ஜூன் மாதத்தில் எந்தத் தலைமையாசிரியரும் விரல்விட்டுச் சொல்லிவிடலாம். மழையைப் போலவோ புயலைப் போலவோ எதிர்பாராமல் வருவது அல்ல கோயில் விழா. அப்படியிருக்க, கணிக்க முடிந்த நாளையும் கணிக்க முடியாத நாளையும் ஒரே வகையான அவசர அறிவிப்பால் கையாள்வதற்கு நிர்வாகப் பழக்கம் தவிர வேறு காரணம் இல்லை. இதே குறை ஆடியோடு நிற்பதில்லை. திருச்செங்கோட்டு அர்த்தநாரீசுவரர் கோயிலின் வைகாசி விசாகத் தேர் பள்ளி திறக்கும் நாள்களை ஒட்டியே பல ஆண்டுகளில் வருகிறது. 2023-இல் விசாகம் ஜூன் 2-இல் வந்தது, பள்ளி திறப்பு முதலில் ஜூன் 1 என்று குறிக்கப்பட்டிருந்தது. இராசிபுரம் நித்திய சுமங்கலி மாரியம்மன் கோயில் விழா ஐப்பசியில். ஊர்தோறும் நடக்கும் நோம்பிகள், அதாவது ஊர்க் கோயில் திருவிழாக்கள், பங்குனி, சித்திரையில், முழு ஆண்டுத் தேர்வோடு மோதுகின்றன. எல்லாவற்றுக்கும் விடுமுறை கேட்பது நியாயமில்லை. எந்த நாளில் வருகை குறையும் என்று தெரிந்தால் அன்று பருவத் தேர்வையோ புதிய பாடத்தையோ வைக்காமல் இருக்கலாம் என்பதே கோரிக்கை.

நாட்காட்டியை ஊரின் வாழ்வோடு பொருத்துவது என்றதும் சேலம் மாவட்டத்தவர் ஒருவரின் பெயரால் அறியப்படும் ஓர் எச்சரிக்கையையும் நினைவில் கொள்ள வேண்டும். அன்றைய சேலம் மாவட்டத்தின் தொரப்பள்ளியில் பிறந்து, சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்த இராஜாஜி, சென்னை மாநில முதலமைச்சராக 1953-இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகச் சுருக்கி, மற்ற நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று கடும் எதிர்ப்பைச் சந்தித்த அது, 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது. குடும்பத்தின் வேலைக்குப் பள்ளி நேரத்தை விட்டுக்கொடுப்பது வேறு, குடும்பம் பள்ளியை விடாமலிருக்கப் பள்ளியின் நாள்களை முன்கூட்டி ஒழுங்கு செய்வது வேறு. முதலாவது குழந்தையின் கற்கும் நேரத்தைக் குறைக்கிறது; இரண்டாவது அதைக் காக்கிறது. கொல்லிமலையிலிருந்தும் சேலத்து மலைப் பகுதிகளிலிருந்தும் காபி, மிளகு பறிக்கும் பருவத்தில் வெளி மாவட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் வேலைக்குப் போகும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தேவைப்படுவது குறைந்த பள்ளி நாள்கள் அல்ல. பெற்றோர் கிளம்பும் மாதத்தில் விடுதியில் இடம் தயாராக இருப்பதே அவர்களுக்குத் தேவை. அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இதற்காகவே உள்ளன. அவற்றின் நாட்காட்டி அறுவடைப் பருவத்தை அறிந்திருக்கிறதா என்பதை ஆண்டுதோறும் கேட்க வேண்டும். மறுபக்கம், நாமக்கல்லின் கோழிப்பண்ணைகளுக்கும் சேலத்துச் செங்கல் சூளைகளுக்கும் ஆண்டின் நடுவில் வந்து சேரும் வெளியூர்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, ஜூன் மாதச் சேர்க்கை என்ற ஒற்றை வாசல் போதாது.

இதே மண்ணில் அரசின் நாட்காட்டிக்கு இணையாக இன்னொரு நாட்காட்டியும் பல ஆண்டுகள் ஓடியது. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களில் பெருகிய தனியார் விடுதிப் பள்ளிகள், மாநிலத்தின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் மாணவர்களை ஈர்த்தன. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டி, இரண்டு ஆண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே திரும்பத் திரும்பப் படிக்கவைக்கும் முறை பல பள்ளிகளில் வேரூன்றியது. அந்த நாட்காட்டியில் கோடை விடுமுறை இல்லை, நோம்பி இல்லை, ஞாயிறும் ஏறக்குறைய இல்லை. தமிழ்நாடு அரசு 2017-இல் பொதுத்தேர்வின் தரவரிசை வெளியீட்டை நிறுத்தியதும், 2017-18 முதல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்ததும் பெருமளவுக்கு இந்த முறையைக் கட்டுப்படுத்தத்தான். அதே ஆண்டில் தமிழ்நாட்டு மருத்துவச் சேர்க்கைக்கு நீட் தேர்வு கட்டாயமானது; விடுதிகளின் கால அட்டவணை அதை நோக்கித் திரும்பியது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்ட நிலையில், பழைய வழக்கம் திரும்பாமல் இருக்க ஒரே காவல் பள்ளியின் அன்றாட அட்டவணையைக் கண்காணிப்பதுதான். கோடையில் சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாது என்று ஆண்டுதோறும் சுற்றறிக்கை விட வேண்டியிருப்பதே, அரசின் நாட்காட்டி எல்லாப் பிள்ளைகளையும் இன்னும் காக்கவில்லை என்பதற்குச் சான்று. விடுமுறை குழந்தையின் உரிமை என்பதை மதிப்பெண் ஆசை மறைத்துவிடக் கூடாது.

ஆசிரியர்களின் பக்கம் வேறு வகையானது. கோடை விடுமுறை பெறும் துறை என்ற காரணத்தால் மற்ற அரசு ஊழியர்களைவிட அவர்களுக்கு ஈட்டிய விடுப்பு குறைவு. ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் தற்செயல் விடுப்பை வைத்துத்தான் வீட்டுக் காரியங்களைச் சமாளிக்கிறார்கள். ஆனால் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தம், இடமாறுதல் கலந்தாய்வு, சேர்க்கைப் பணி ஆகியவை அந்தக் கோடையிலும் புகுந்துவிடுகின்றன. கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு ஆசிரியர்களைக் கல்வி சாராப் பணிகளுக்கு அனுப்பத் தடை விதித்தாலும், தேர்தல், பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் ஆகிய மூன்றுக்கும் விலக்கு அளிக்கிறது. 2024-இல் ஏப்ரல் 19 வாக்குப்பதிவு நாளாக அமைந்தது. நான்கு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளுக்கு ஏப்ரல் 10, 12 நாள்களில் நடக்க இருந்த தேர்வுகள், ரம்ஜான் பண்டிகையை ஒட்டி, வாக்குப்பதிவையும் தாண்டி ஏப்ரல் 22, 23-க்குத் தள்ளப்பட்டன. இரண்டு தாள்களுக்காகக் குழந்தைகள் பன்னிரண்டு நாள் காத்திருந்தார்கள். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1 என்று அறிவிக்கப்பட்டுள்ளது. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச்சில் வருவது வழக்கம் என்பதால், யார் எந்த வகுப்பைப் பார்த்துக்கொள்வது என்ற ஏற்பாட்டை 2026-27 நாட்காட்டியிலேயே செய்தாக வேண்டும்.

முட்டையின் கணக்கு இப்பகுதிக்கே உரியது. தமிழ்நாட்டின் சத்துணவில் வாரத்துக்கு ஐந்து நாள் முட்டை தரப்படுகிறது. அந்த முட்டையின் பெரும் உற்பத்தி மையம் நாமக்கல். பள்ளி மூடும் ஒவ்வொரு நாளும் ஒரு பெரும் கொள்முதல் நின்றுபோகும் நாள் என்பது பண்ணைக்காரருக்குத் தெரியும். ஆனால் அதைவிடக் கவலைக்குரியது தட்டின் மறுபக்கம். 1982 ஜூலை 1-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டமும், 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் வேலை நாள்களை ஒட்டியே இயங்குவதால், எதிர்பாராமல் விடப்படும் விடுமுறை ஒவ்வொன்றும் ஏழை வீட்டில் இரண்டு வேளை உணவுக்கு வழி தேடவைக்கிறது. முன்னரே தெரிந்த விடுமுறைக்குத் தாய் ஏதேனும் ஏற்பாடு செய்துவிடுவாள். மாலையில் தொலைக்காட்சியில் தெரியவரும் விடுமுறைக்கு அதற்கும் வழியில்லை.

ஒரு மாநிலத்துக்கு ஒரே நாட்காட்டிதான் இருக்க முடியும் என்பதில்லை. மகாராட்டிரத்தில் வெயில் கடுமையான விதர்ப்பப் பகுதியின் பள்ளிகள் மற்ற பகுதிகளுக்குப் பிறகே ஜூன் இறுதியில் திறக்கின்றன. இமாசலப் பிரதேசத்தில் கோடையில் மூடும் பள்ளிகள், குளிர்காலத்தில் மூடும் பள்ளிகள் என்று இருவகை உண்டு. இலங்கைக் கல்வி அமைச்சு, சிங்கள, தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஒன்றும், நோன்பு மாதத்தைக் கருத்தில் கொண்டு முஸ்லிம் பாடசாலைகளுக்கு இன்னொன்றுமாகத் தவணை நாள்களை முன்கூட்டியே அறிவிக்கிறது. அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் என்ற உள்ளூர் அமைப்பின் தேர்ந்தெடுக்கப்பட்ட குழு, பொதுக் கூட்டத்தில் விவாதித்து நாட்காட்டியை ஏற்பது பரவலான வழக்கம். தமிழ்நாட்டில் அத்தகைய தனி அமைப்பு தேவையில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக்கள் ஏற்கெனவே ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் இருக்கின்றன, அவற்றில் பெற்றோரே பெரும்பான்மை.

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் செய்யத்தக்கது பெரிய சீர்திருத்தமும் அல்ல. மார்ச் மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு மேலாண்மைக் குழுவும் தன் ஊரின் நோம்பி நாள்களையும், பெற்றோர் வேலைக்குக் கிளம்பும் மாதத்தையும் எழுதி வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பட்டும். முதன்மைக் கல்வி அலுவலர் அவற்றைத் தொகுத்து, ஆடிப்பெருக்கு, கோட்டை மாரியம்மன் பண்டிகை, வல்வில் ஓரி விழா போன்ற உள்ளூர் விடுமுறைகளையும் அவற்றுக்கு ஈடான சனிக்கிழமைகளையும் மாநில நாட்காட்டியின் கீழே மாவட்டப் பட்டியலாகச் சேர்த்து, ஆட்சியரின் ஒப்புதலோடு மே மாத இறுதிக்குள் அச்சிடட்டும். மழை விடுமுறைக்கு ஈடாக இரண்டு சனிக்கிழமைகள் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்கட்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின் மழை ஏற்காட்டையும் சேலத்தையும் தாக்கியபோது பள்ளிகள் மூடப்பட்டன, அப்படி இழந்த நாள்கள் எங்கே ஈடாகும் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்திருக்கும். பாடநூலோடு சேர்த்து ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் அந்த ஒரு தாள் போகுமானால், பங்குனியில் ஊருக்கு வர நாள் பார்க்கும் ரிக் வண்டித் தொழிலாளிக்கும், சனிக்கிழமைச் சமையலுக்குச் சாமான் எடுத்துவைக்க வேண்டிய சத்துணவு அமைப்பாளருக்கும் ஒரே கணக்கு கையில் இருக்கும்.